காதலுக்கு என்ன தடை? ஆசியத் தொடர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு கொரிய, சீன, ஜப்பானிய, தாய்லாந்துக் காதல் தொடர்களையும் படங்களையும் பார்க்கிறேன். அவற்றைப் பற்றித் தமிழில் எழுதுகிறேன். பஸ்ஸில், கலியாண வீட்டில், தையல் கடையில் என்று எங்கே கண்டாலும் ஆட்கள் கேட்பவை இவை. பெரிய ஒழுங்கு ஒன்றும் இல்லை. வேண்டியதை மட்டும் வாசியுங்கள்.

இதுவரை ஒன்றும் பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்?

‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’. 2019 டிசம்பரில் தொடங்கி 2020 பெப்ரவரியில் முடிந்த கொரியத் தொடர், 16 பகுதிகள். தென்கொரியாவின் பணக்காரப் பெண் ஒருத்தி பாராகிளைடிங் போனபோது சூறைக்காற்றில் அகப்பட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் வடகொரியாவில் போய் விழுகிறாள். அவளைக் காண்பவன் அந்த நாட்டு இராணுவ அதிகாரி.

நடித்த ஹியூன் பின்னும் சொன் யே-ஜின்னும் 2022இல் நிஜமாகவே கலியாணம் முடித்தார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதுவும் ஒரு சுவைதான், சரி. ஆனால் இதில் இரண்டு பேருக்கும் குறுக்கே நிற்பது கதாசிரியர் கட்டிவிட்ட வேலி இல்லை. 1953இல் போர் நிறுத்தத்தோடு விழுந்த கோடு அது, இன்னும் இருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் இரு பக்கமான படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் இடையில் சோதனைச் சாவடி தாண்டிப் போய்வந்த தலைமுறைக்கு அந்தக் கோட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. சிரிப்புக் காட்சிகள் நிறைய இருந்தும் அந்தப் பயம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

பதினாறு பகுதிக்கும் பொறுமை இல்லையென்றால் ஒரு படம்: ‘கிறிஸ்மஸ் இன் ஆகஸ்ட்’, 1998. போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவன், நோயால் அதிக காலம் இருக்கமாட்டான். பிழையாக நிறுத்திய வாகனங்களுக்குத் தண்டம் எழுதும் பெண் ஒருத்தி படம் கழுவ வருவாள். சத்தமாக ஒன்றும் நடக்காது. ஆனால் பார்த்து முடித்ததும் உடனே எழும்ப மாட்டீர்கள்.

எல்லாம் ஒரே கதைதானே?

ஓம், பெரும்பாலும். காசுக்காரப் பொடியன், கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளை. ஒப்பந்தக் கலியாணம். சின்ன வயதில் சந்தித்ததை மறந்துபோதல். கடைசிக்கு முந்தின பகுதியில் எங்கிருந்தோ வரும் லொறி. இதையெல்லாம் குறையாகச் சொன்னால் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த இரண்டு பேரும் முதல் பகுதியிலேயே ஏன் சேரவில்லை? அந்தத் தடை என்ன? காதல் கதையின் கனம் எல்லாம் அங்கேதான். எல்லை, வீடு, காசு, நோய் என்று வெளியே நிற்கும் தடைகள் இருக்கின்றன. பழைய காயம், வெட்கம், கர்வம் என்று ஆளுக்குள்ளேயே இருப்பவையும் இருக்கின்றன. அப்புறம் ஒரு தரித்திரம் பிடித்த வகை உண்டு: போன் எடுத்து இரண்டு வசனம் பேசினால் தீர்ந்துவிடும், ஆனால் நாலு பகுதிக்கு எடுக்கவே மாட்டார்கள். அது தடை இல்லை, நேரம் போக்குவது. விமர்சனம் எழுதுகிறவர் தயவு தாட்சணியம் இல்லாமல் சொல்ல வேண்டிய இடம் அது.

ஒரே கதையில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்கு ‘ஹானா யோரி டாங்கோ’ நல்ல சாட்சி. யோக்கோ காமியோ 1992இல் வரையத் தொடங்கிய ஜப்பானியச் சித்திரக் கதை. இதைத் தாய்வான் 2001இல் ‘மீட்டியோர் கார்டன்’ என்று எடுத்தது. ஜப்பான் 2005இல், கொரியா 2009இல் ‘பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்’ என்று, சீனா 2018இல், தாய்லாந்து 2021இல் எடுத்தன. பணக்காரப் பள்ளிக்கூடம், அங்கே ராஜாங்கம் நடத்தும் நாலு பொடியன்கள், அவர்களை எதிர்க்கும் ஓர் ஏழைப் பிள்ளை. கொரியப் பதிப்பில் அவள் வீட்டில் உடுப்புச் சலவைக் கடை நடத்துகிறார்கள். நாயகனின் தாய்தான் உண்மையான தடை, அந்த அம்மா வரும் காட்சியெல்லாம் கதை நிமிரும். தாய்வான் பதிப்பு கமெராவும் வெளிச்சமும் ஒரு மாதிரித்தான், ஆனால் அதில்தான் வறுமை வறுமையாகத் தெரிகிறது. அதில் நாயகியாக நடித்த பார்பி சூ 2025 பெப்ரவரியில் காலமானார். சீனப் பதிப்பைக் கழுவித் துடைத்துவிட்டார்கள். பொடியன்களின் கொடுமையைக் குறைத்ததால் அந்தப் பிள்ளை எதிர்ப்பதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை.

கொரிய மாமியார்கள் ஏன் இப்படி? பெண்ணைக் கூப்பிட்டு என்வலப்பில் காசு வைத்து “என் மகனை விட்டுவிடு” என்கிறார்களே?

இந்தக் கேள்வி எங்கள் பக்கத்தில் இருந்துதான் அதிகம் வருகிறது, அதற்குக் காரணமும் உண்டு. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். குடி என்று நாங்கள் சொல்லும் குலமும் தாய் வழியில் வருவது. மாமியாரின் வீட்டுக்குள் புதிதாகப் போய், அடுப்படியில் யாருடைய இடம் எது என்று தெரியாமல் முழிக்கும் மருமகளை இங்கே நாங்கள் அவ்வளவாகக் காண்பதில்லை. அதனால் கொரிய மாமியார் எங்களுக்குக் கொஞ்சம் மிகையாகவே படுகிறார்.

கொரியாவில் வழக்கப்படி வீடு பார்ப்பது மாப்பிள்ளைப் பக்கம். உள்ளே சாமான் நிரப்புவது பெண் பக்கம். மருமகள் போய்ச் சேர்வது அவர்களுடைய குடும்பத்துக்குள். ஆகவே மகன் யாரைக் கொண்டுவருகிறான் என்பது தாய்க்குத் தன் வீட்டுப் பிரச்சினை. அந்த என்வலப்பின் பின்னால் இருப்பது இதுதான்.

சுவாரசியமான விசயம், கொரியாவிலும் எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஜோசொன் என்ற பழைய மன்னராட்சியின் முற்பகுதி வரைக்கும் மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்குவது சாதாரணம். அங்கே பேர்பெற்ற அறிஞர் யீ இ, 1536இல் பிறந்தது கங்நுங்கில் உள்ள தாய் வீட்டில்தான். அந்தத் தாய், ஓவியரான ஷின் சைம்தங், இன்றைக்கு 50,000 வொன் தாளில் இருக்கிறார். மகன் 5,000 தாளில்.

2024இல் வந்த ‘குவீன் ஆஃப் டியர்ஸ்’ தொடரை இதை வைத்துப் பாருங்கள். நாயகன் கிராமத்துப் பிள்ளை, பெரிய வியாபாரக் குடும்பத்தில் பெண் எடுத்து மாமனார் வீட்டோடு இருப்பவன். தொடக்கத்திலேயே ஒரு காட்சி: பெண் வீட்டாரின் மூதாதையருக்குப் படைக்க, படித்த பெரிய பெரிய மருமகன்மார் எல்லாம் அடுப்படியில் நின்று சமைத்துப் புலம்புவார்கள். தலைகீழாகிப்போனதே என்று கொரியர் சிரிக்கும் காட்சி அது. இங்கே என்னோடு இருந்து பார்த்த மச்சான் சிரிக்கவில்லை. “பாவம்” என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே குடிக்குள் கட்டக் கூடாது என்று எங்களிடம் இருப்பதுபோல, ஒரே குடும்பப் பெயரும் ஒரே பூர்வீக ஊரும் கொண்டவர்கள் கட்டக் கூடாது என்று கொரியாவில் சட்டமே இருந்தது. 1997இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2005இல் சட்டப் புத்தகத்தில் இருந்தே எடுத்தார்கள். பழைய தொடர்களில் பெயரைக் கேட்டதும் வீட்டார் முகம் மாறினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

கொரியத் தொடர், சீனத் தொடர், ஜப்பான் தொடர்: என்ன வித்தியாசம்?

கொரியத் தொடர்கள் பெரும்பாலும் 16 பகுதிகள், வாரத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். இப்போது 12 பகுதியோடு முடிப்பவையும் வருகின்றன. ஒரே கதாசிரியர் தொடக்கம் முதல் கடைசிவரை எழுதுவது அங்கே வழக்கம். அதனால்தான் அங்கே கதாசிரியருக்கே ரசிகர் கூட்டம் இருக்கிறது.

ஜப்பானில் வாரத்துக்கு ஒன்று, பத்துப் பகுதி அளவில் ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். அழுகையையும் அளந்துதான் வைப்பார்கள். 2022இல் வந்த ‘ஃபர்ஸ்ட் லவ்’ 9 பகுதிகள்தான். உத்தாதா ஹிக்காருவின் பாட்டுகளில் இருந்து பிறந்த கதை. முதல் இரண்டு பகுதி முன்னும் பின்னும் காலம் மாறி மாறி ஓடும், போனை நோண்டிக்கொண்டு பார்த்தால் விளங்காது.

சீனத் தொடர் நீளம். 2017இல் வந்த ‘எட்டர்னல் லவ்’ 58 பகுதிகள். 2020இல் சீன அரசே தலையிட்டு 40க்கு மேல் போகக் கூடாது, 30க்குள் முடித்தால் நல்லது என்று அறிவித்தது. விடிய விடிய வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் பார்த்த ஊருக்கு நீளம் பெரிய விசயமில்லை. கூத்திலும் எல்லா நேரமும் கண்ணை விழித்துக்கொண்டா இருந்தோம்? சண்டை வரும்போது எழும்பினால் போதும். சீனச் சரித்திரத் தொடர்களையும் அப்படிப் பார்க்கலாம். நடிகர்களின் சொந்தக் குரலைப் பல தொடர்களில் கேட்க முடியாது. சீன மொழியிலேயே வேறு ஆட்கள் குரல் கொடுத்திருப்பார்கள். எனவே “குரல் உருக்கமாக இருந்தது” என்று நடிகரைப் புகழ முன்னர் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தாய்லாந்து எங்கள் மெகா சீரியல் பார்த்த கண்ணுக்கு உடனே பிடிக்கும். சொத்து, பொறாமை, கன்னத்தில் அறை எல்லாம் உண்டு. ‘லவ் டெஸ்டினி’ 2018இல் வந்தது, இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி அயுத்தயா அரசு காலத்தில் வேறொருத்தியின் உடம்பில் கண் விழிக்கும் கதை. கலகலப்பானது.

வீட்டில் எல்லோரோடும் இருந்து பார்க்கலாமா?

கொரியத் தொடர்களில் திரையின் மேல் மூலையில் வட்டத்துக்குள் 12, 15, 19 என்று ஓர் எண் வரும். அது வயது. 15 போட்டவற்றை உம்மா, வாப்பா இருக்கும்போதும் பெரும்பாலும் பார்க்கலாம். எட்டாம் பகுதி வரைக்கும் கை பிடிப்பதோடு நிற்கும் தொடர்கள் எத்தனையோ. 19 என்றால் தனியாக.

முத்தத்தைவிட நான் கவனிக்கச் சொல்வது வேறு. பழைய தொடர்களில் நாயகன் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான், அதைக் காதல் என்று இசை போடுவார்கள். பழைய தாய்லாந்துத் தொடர்கள் சில இதைவிட மோசம். பலாத்காரம் செய்தவனே கடைசியில் கணவன் ஆவான். அதற்கு அந்த நாட்டிலேயே எதிர்ப்புக் கிளம்பியது. பத்தாம் வகுப்புப் பிள்ளையோடு இருந்து பார்க்கும்போது அந்த இடத்தில் நிறுத்திப் பேசுங்கள். விமர்சனத்திலும் எழுதுங்கள்.

அம்மம்மாவுக்கு எதைப் போட்டுக் கொடுக்கலாம்?

அவர்களுக்கு இது புதிதே இல்லை. ஜப்பானின் ‘ஓஷின்’ 1983இல் தொடங்கி 297 பகுதிகள் ஓடியது, அதை இலங்கை ரூபவாஹினியில் பார்த்தவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். கொரியாவின் ‘தே ஜங் கும்’ சிங்களத்தில் ‘சுஜாத தியணி’ என்று அதே ரூபவாஹினியில் வந்தபோது, சிங்களம் தெரியாத மூத்தம்மாமாரும் அரண்மனைச் சமையலைப் பார்த்து “இதுக்கு உப்புக் காணாது” என்றிருக்கிறார்கள்.

இப்போது கேட்டால் ‘ரிப்ளை 1988’. 2015இல் தொடங்கிய தொடர், 20 பகுதிகள். சியோல் நகரில் ஓர் ஒழுங்கை, ஐந்து குடும்பம். இரவுச் சாப்பாட்டு நேரம் ஒரு வீட்டுக் கறி அடுத்த வீட்டுக்கும், அந்த வீட்டுக் கறி மற்ற வீட்டுக்கும் என்று பிள்ளைகள் கோப்பையோடு ஓடிக்கொண்டே இருப்பார்கள். வளவு வேலிக்கு மேலால் கறிச்சட்டி கைமாறிய ஊரில் வளர்ந்த ஆட்களுக்கு வசன வரிகளே தேவைப்படாது. காதல் கதை இருக்கிறது, ஆனால் அந்தப் பிள்ளை யாரைக் கட்டினாள் என்ற கேள்வியைவிடத் தாய்மார் திண்ணையில் இருந்து பேசும் காட்சிகள்தான் நிற்கும்.

எங்கே பார்ப்பது? டேட்டா பறக்கிறதே.

நெட்ஃபிளிக்ஸ் காசு கட்ட வேண்டும். ராக்குட்டன் விக்கியில் விளம்பரத்தோடு இலவசமாகச் சில கிடைக்கும். அங்கே வசன வரிகளை எழுதுவதில் பெரும் பங்கு தொண்டர்களுக்கு. சீனத் தொடர்களுக்கு வீடிவி, ஐச்சியி, அவர்களின் யூடியூப் பக்கங்கள். எல்லாத் தொடரும் எல்லா நாட்டிலும் திறக்காது. போனில் பார்ப்பதற்கு 480பி போதும். இரவு நேர டேட்டாவில் இறக்கி வைத்துவிட்டு மறுகா பாருங்கள், அதுவும் மாரி காலத்தில் கரண்ட்டை நம்ப முடியாது.

திருட்டு இணைப்பு என்னிடம் கேட்க வேண்டாம்.

தமிழ்க் குரலிலா, வசன வரிகளோடா?

வசன வரிகள். கை வேலை இருந்தால், கண் தெரியாதவர்களோடு இருந்தால், குரல். தமிழ்நாட்டில் புதுயுகம் தொலைக்காட்சி ‘பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்’ போன்றவற்றைத் தமிழ்க் குரலில் போட்டதால்தான் கொரியத் தொடர் பக்கம் வந்தவர்கள் நிறைய. அதை நான் இளக்காரமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் விமர்சனம் எழுதப்போகிறீர்கள் என்றால் மூலக் குரலில் பாருங்கள். நடிப்பில் பாதி குரல்.

விமர்சனம் எழுத ஆசை. எப்படி எழுதுவது?

கதையை முழுக்க எழுதாதீர்கள். அதுதான் முதல் வியாதி. மூன்று வசனத்தில் கதை போதும்: யார், எங்கே, என்ன தடை. அதற்குப் பிறகு அந்தத் தடை தாங்குகிறதா என்று சொல்லுங்கள். பாதி வழியில் தடை தீர்ந்துபோய், கதாசிரியர் வேறொன்றைக் கொண்டுவந்து ஒட்டுகிறாரா? பத்தாம் பகுதிக்குப் பிறகு பல தொடர்கள் விழுவது இதனால்தான். காதலர் சேர்ந்துவிடுவார்கள், இன்னும் ஆறு பகுதி மிச்சம் இருக்கும், உடனே ஒரு வில்லன் அல்லது வெளிநாட்டுப் பயணம்.

“சூப்பர் நடிப்பு” என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஒரு காட்சியை எடுங்கள். கிறிஸ்மஸ் இன் ஆகஸ்டில் மகன் தகப்பனுக்கு வீடியோ ரிமோட்டைப் பாவிக்கச் சொல்லிக் கொடுக்கும் காட்சி இருக்கிறது. தான் இல்லாமல் போனால் அவர் படம் பார்க்க வேண்டுமே என்பதற்காக. தகப்பனுக்கு விளங்கவே மாட்டேன் என்கிறது; மகனுக்குக் கோபம் வந்து எழும்பிப் போய்விடுகிறான். இதைச் சொன்னால் நடிப்பு, திரைக்கதை, படத்தின் குணம் மூன்றும் ஒன்றாகப் போய்ச் சேரும்.

எழுதியவர் யார் என்று பாருங்கள். பார்க் ஜி-உன் எழுதிய ‘மை லவ் ஃப்ரம் த ஸ்டார்’, கிராஷ் லேண்டிங், குவீன் ஆஃப் டியர்ஸ் மூன்றையும் பக்கத்தில் வையுங்கள். முதலாவதில் உச்ச நடிகை, மற்றவற்றில் பெரும் பணக்காரிகள். மூன்று பேரையும் அவர்களுடைய காசும் பேரும் செல்லாத இடத்தில் கொண்டுபோய் விடுகிறார் அந்த அம்மா. இதைக் கண்டுகொண்டால் நாலாவது தொடர் வரும்போது நீங்கள் எழுதுவது சும்மா அபிப்பிராயமாக இருக்காது.

நாயகி அடிக்கடி ஒரே கடையில் சான்ட்விச் சாப்பிட்டால் நடிகையைத் திட்டாதீர்கள். 2010இல் இருந்து கொரியத் தொலைக்காட்சியில் அப்படிக் காசுக்குப் பொருள் காட்ட அனுமதி இருக்கிறது. அந்தக் காசில்தான் பனிக்காட்சி எடுக்கிறார்கள்.

மார்க் போடுவீர்களா?

இல்லை. பத்துக்கு எட்டு என்று கண்டால் மிச்சத்தை ஆட்கள் வாசிப்பதில்லை.

ஏன் எப்போதும் இரண்டாவது நாயகனைப் பிடித்துப்போகிறது?

அவனுக்குத் திருந்த வேண்டிய அவசியம் இல்லை, முதல் நாளே நல்லவன். ஆனால் அவனுக்கும் அவளுக்கும் இடையில் தடையே இல்லையே, பிறகு கதை எப்படி ஓடும்?

பிடித்த நடிகர் இரண்டு வருடமாகக் காணவில்லை. என்ன நடந்தது?

கட்டாய இராணுவச் சேவையாக இருக்கும். தரைப்படை என்றால் இப்போது 18 மாதம். ஹியூன் பின் 2011இல் மரைன் படைப் பிரிவில் சேர்ந்து 2012இல் திரும்பினார். வருவார்கள்.

கொரியாவுக்கு வேலைக்குப் போக மொழி படிக்கிறேன். தொடர் பார்த்தால் உதவுமா?

காதுக்கு உதவும். கொரியாவுக்கு வேலைக்குப் போக எழுதும் ஈ.பி.எஸ். பரீட்சையில் வாசித்தலோடு கேட்டலும் இருப்பதால் அந்த வேகம் பழகுவது நல்லதுதான். ஆனால் தொழிற்சாலைப் பாதுகாப்பு, கருவிகள், சம்பளப் பத்திரம் பற்றிய சொற்கள் காதல் தொடரில் வராது. காதலர் பேசும் நெருக்கமான பேச்சை மேலதிகாரியிடம் பேசினால் முதல் கிழமையே வம்பு. அரண்மனைத் தொடர்களை இந்தத் தேவைக்குத் தொடவே வேண்டாம், அந்தப் பேச்சை இப்போது யாரும் பேசுவதில்லை. அலுவலகக் கதைகளைப் பாருங்கள். முதலாளியிடம் எப்படிக் குனிந்து பேசுகிறார்கள் என்பதாவது பிடிபடும்.

அழ வேண்டும்போல் இருக்கிறது. ஒரு படம் சொல்லுங்கள்.

‘எ மொமென்ட் டு ரிமெம்பர்’, 2004. இளம் மனைவிக்கு மறதி நோய். பகலில் பார்க்கவும்.

இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் தொடரைப் பற்றி எழுதலாமா?

எழுதலாம், எந்தப் பகுதியோடு நிற்கிறீர்கள் என்று தலைப்புக்குக் கீழேயே போட்டுவிட்டு. நாலு பகுதி பார்த்தால் நடிகர்களைப் பற்றிப் பேசலாம். கதாசிரியரைப் பற்றிப் பேசப் பன்னிரண்டு வேண்டும். முடிவைப் பற்றிப் பேசினால், முடிவு வந்த கிழமையில் தனியாக எழுதி மேலே எச்சரிக்கை வையுங்கள். டேட்டாவுக்குக் காசு சேர்த்து மாதக் கடைசியில் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.